புது 4 டிபி ஹார்ட் டிஸ்க்: நாலாகப் பிரிக்கலாமா, ரெண்டு போதுமா?

மஞ்சப்பை:

வணக்கம். வீட்டு டெஸ்க்டாப்புக்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க் (3.5 இஞ்ச், சாட்டா) வாங்கியாச்சு. இன்னும் கவரைக்கூடக் கிழிக்கவில்லை. டேட்டா ஏறிய பிறகு பார்ட்டிஷனை (டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் பகுதிகளை) மாற்றுவது பெரும்பாடு என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது இருப்பது: இன்டெல் ஐ5 எட்டாம் தலைமுறை, 16 ஜிபி ரேம், 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி-யில் விண்டோஸ் 11, கூடவே பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க். பழையதில் டி, ஈ, எஃப், ஜி என்று நாலு சம பங்கு. டி நிரம்பி வழிகிறது, எஃப் பாதி காலி. எது எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

உள்ளே வரப்போவது: குடும்பப் போட்டோ, வீடியோ சுமார் 350 ஜிபி. பத்திரங்கள், சான்றிதழ்கள், கணக்கு ஃபைல்கள் கொஞ்சம். தமிழ்ப் பாட்டு 60 ஜிபி. மீதி சினிமா, பையனின் கேம்கள். மகளுக்குக் கல்லூரியில் லினக்ஸ் வேண்டுமாம். மின்ட் (லினக்ஸில் ஒரு வகை) போடலாம் என்று இருக்கிறேன்.

கேள்விகள்:
1. பழையபடி நாலு சம பங்காக, ஆளுக்கு 1 டிபி என்று பிரிக்கலாமா?
2. பார்ட்டிஷன் அட்டவணை பழைய எம்பிஆரா, புது ஜிபிடியா? 2 டிபிக்கு மேல் போனால் விண்டோஸையே புதிதாகப் போட வேண்டும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
3. லினக்ஸ் எஸ்எஸ்டி-யிலா, ஹார்ட் டிஸ்க்கிலா?
4. பழைய 1 டிபியை என்ன செய்வது?

---

பழையஃபிளாப்பி:

ரெண்டாவது கேள்வியை முதலில் முடிச்சிடுவோம் சார். ஜிபிடி. யோசிக்கவே வேண்டாம்.

எம்பிஆர் அட்டவணையில் செக்டர் (டிஸ்க்கின் மிகச் சின்னத் துண்டு) எண்ணை எழுத 32 பிட்தான் இடம். 512 பைட் செக்டர் என்று வைத்தால் 2,199,023,255,552 பைட், அதாவது 2048 ஜிபி வரைதான் எட்டும். உங்க டிஸ்க்கில் எம்பிஆர் போட்டால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 2048 ஜிபி ஒரு துண்டாகவும் 1678 ஜிபி இன்னொரு துண்டாகவும் தெரியும். அந்த ரெண்டாவது துண்டை ரைட் கிளிக் பண்ணினால் எல்லாமே மங்கலாக நிற்கும், ஒன்றும் செய்ய முடியாது. டிஸ்க் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் நிறைய.

விண்டோஸை மறுபடி போடணும் என்பது பாதி உண்மை. அது *பூட் ஆகிற* டிஸ்க்குக்கு மட்டும் பொருந்தும். பூட் டிஸ்க் ஜிபிடி ஆகணும் என்றால் மதர்போர்டு யூஇஎஃப்ஐ என்ற புது பூட் முறையில் ஓடணும். வெறும் டேட்டா டிஸ்க்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விஸ்டா காலத்திலிருந்தே எல்லா விண்டோஸும் ஜிபிடி டேட்டா டிஸ்க்கைப் படிக்கும். உங்க எஸ்எஸ்டி-யைத் தொடவே வேண்டாம்.

நாலு சம பங்கு விஷயத்துக்கு வர்றேன். இது எங்கிருந்து வந்த பழக்கம் தெரியுமா? விண்டோஸ் 95-இன் முதல் பதிப்பில் ஃபேட்16 என்ற ஃபைல் முறைதான் இருந்தது. ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபியைத் தாண்டாது. அந்த 2 ஜிபியிலும் கிளஸ்டர் (ஒரு ஃபைலுக்கு ஒதுக்குகிற குறைந்தபட்ச இடம்) 32 கேபி. 1 கேபி ஃபைல் எழுதினாலும் 32 கேபி காலி. அதனால் சின்னச் சின்னதாக வெட்டினால்தான் இடம் மிச்சமாகும். அன்றைக்கு அதில் அர்த்தம் இருந்தது. இப்போதைய விண்டோஸின் ஃபைல் முறையான என்டிஎஃப்எஸ்-இல் 16 டிபி வரைக்கும் டிஃபால்ட் கிளஸ்டர் 4 கேபிதான். ஒரே பார்ட்டிஷனாக விட்டாலும் ஒரு நஷ்டமும் இல்லை. நோய் போய் முப்பது வருஷம் ஆகப்போகுது, பத்தியம் மட்டும் இன்னும் நடக்குது.

நஷ்டம் மறுபக்கம் இருக்கு. ஒரே பார்ட்டிஷனுக்குள் 50 ஜிபி படத்தை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் கண்ணிமைக்கும் நேரம், பெயர்ப்பலகை மாறுது, அவ்வளவுதான். அதையே டி-யிலிருந்து ஈ-க்கு மாற்றினால் மொத்த 50 ஜிபியையும் படித்து, அதே தட்டில் வேறு இடத்தில் எழுதணும். ஹெட் (தட்டைப் படிக்கிற முனை) இங்கும் அங்கும் ஓடும். வேகம் 60 எம்பிக்கு வந்தால் கால் மணி நேரம் போச்சு. கடைசியில் உங்களுக்கு இப்போ நடக்கிற மாதிரி ஒன்று நிரம்பும், பக்கத்தில் காலியாகக் கிடக்கும்.

என் கணக்கு: ஒரே பார்ட்டிஷன், உள்ளே ஃபோல்டர். முடிஞ்சது.

---

துளிர்:

ஜிபிடி பற்றி மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. "ஒரே பார்ட்டிஷன்" என்பதில் மட்டும் சற்று வேறுபடுகிறேன். இரண்டு போடுங்கள். ஆனால் எந்த இடத்தில் வெட்டுவது என்பதைப் புது டிஸ்க்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பழைய 1 டிபியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பழைய டிஸ்க்தான் உங்கள் நகல் வைக்கும் இடம். அதன் உண்மையான கொள்ளளவு 931 ஜிபி. போனால் திரும்பக் கிடைக்காதவை (போட்டோ, பத்திரம், கணக்கு) எல்லாம் ஒரு பார்ட்டிஷனில். அதன் அளவு 850 ஜிபி. அது நிரம்பி விளிம்பைத் தொட்டாலும் பழைய டிஸ்க்கில் முழுதாக அடங்கும். போனால் மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடியவை (சினிமா, கேம்) இன்னொன்றில். ஒரே பெரிய பார்ட்டிஷனாக விட்டால், ஒரு நாள் போட்டோ ஃபோல்டர் 1.2 டிபி ஆகியிருக்கும். நகல் எடுக்கும் வேலை பாதியில் இடமில்லை என்று நின்றிருக்கும். அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். 850-இல் சுவர் இருந்தால் "இடமில்லை" என்ற செய்தி முதலில் இங்கேயே வரும், பெரிய பேக்கப் டிஸ்க் வாங்க வேண்டிய நேரம் என்று தெரிந்துவிடும்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம்: ஒரே டிஸ்க்கின் இரண்டு பார்ட்டிஷன்களில் ஒரே போட்டோவை வைப்பது நகல் ஆகாது. மோட்டார் நின்றால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இனி அளவுகள். டிஸ்க் மேனேஜ்மென்ட் அளவை எம்பியில் கேட்கும், 1 ஜிபி என்றால் 1024 எம்பி. 4 டிபி என்று அட்டையில் போட்டிருப்பது ஆயிரத்தின் மடங்கு. விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுவதால் சுமார் 3,726 ஜிபி, அதாவது 38,15,400 எம்பி சொச்சம் என்று காட்டும். எக்ஸ்புளோரரில் 3.63 டிபி. எதுவும் திருடு போகவில்லை.

குடும்பம்: 8,70,400 எம்பி (850 ஜிபி)
ஊடகம்: 26,89,000 எம்பி (சுமார் 2,626 ஜிபி)
கடைசியில் ஒதுக்காமல் விடுவது: சுமார் 2,56,000 எம்பி (250 ஜிபி)

குடும்பம் முதலில் வரட்டும். ஹார்ட் டிஸ்க்கில் முகவரி தட்டின் வெளி விளிம்பிலிருந்து தொடங்கும். அங்கே வேகம் அதிகம், உள் விளிம்புக்குப் போகும்போது ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் முன்பக்கம், தொடர்ச்சியாக ஓடும் சினிமா பின்பக்கம் என்று வைப்பது சரியாக இருக்கும்.

செய்முறை: டிஸ்க்கை கேபினெட்டுக்குள் நேரடியாக சாட்டா கேபிளில் மாட்டிய பிறகே பார்ட்டிஷன் போடுங்கள். யூஎஸ்பி டாக்கில் (டிஸ்க்கை வெளியே செருகும் மேடை) வைத்துப் போட வேண்டாம். சில டாக்குகள் பெரிய டிஸ்க்கை 4096 பைட் செக்டராக மாற்றிக் காட்டும். அங்கே எழுதிய அட்டவணை உள்ளே மாட்டியதும் புரியாது, டிஸ்க் காலி என்றே விண்டோஸ் சொல்லும்.

விண்டோஸ் கீயும் எக்ஸும் அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட். "இனிஷியலைஸ் டிஸ்க்" பெட்டி தானாக வரும், ஜிபிடி தேர்வு செய்யுங்கள். கறுப்புப் பட்டையில் ரைட் கிளிக், "நியூ சிம்பிள் வால்யூம்", மேலே சொன்ன எண், டிரைவ் எழுத்து, என்டிஎஃப்எஸ், அலொகேஷன் யூனிட் (கிளஸ்டர்) டிஃபால்ட்டிலேயே இருக்கட்டும். "கன்வர்ட் டு டைனமிக் டிஸ்க்" என்று ஒன்று கண்ணில் படும், அதைத் தொடாதீர்கள். லினக்ஸ் பக்கம் தொல்லை, திரும்பி வருவதும் எளிதல்ல.

"குவிக் ஃபார்மட்" டிக்கை எடுத்துவிடுங்கள். குவிக்கில் அட்டவணை மட்டும் எழுதப்படும். முழு ஃபார்மட் ஒவ்வொரு செக்டரிலும் சுழியம் எழுதிப் பார்க்கும், புது டிஸ்க்குக்கு அதுவே முதல் சோதனை. சராசரி 150 எம்பி வேகம் என்று வைத்தால் மொத்தம் ஆறேழு மணி நேரம். இரண்டு பார்ட்டிஷனையும் ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டாம், ஹெட்டுகள் ஒன்றாகத்தான் நகரும், அல்லாடும். ஒன்று முடிந்து மற்றொன்று. நடுவில் கரண்ட் போனால் அந்தப் பார்ட்டிஷன் "ரா" (ஃபார்மட் ஆகாதது) என்று நிற்கும், பயப்பட ஒன்றுமில்லை, மறுபடி தொடங்கினால் போதும்.

ஃபார்மட்டுக்கு முன்னும் பின்னும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் மென்பொருள்) திறந்து 05, சி5, சி6 (கெட்ட செக்டர் கணக்குகள்) மூன்றின் "ரா" (நேரடி எண்ணிக்கை) மதிப்பைப் பாருங்கள். மூன்றும் சுழியமாக இருக்க வேண்டும். அந்த மென்பொருள் ரா மதிப்பை இயல்பாகப் பதினறும எண்ணில் காட்டும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். 10 என்று தெரிந்தால் அது 16. புது டிஸ்க்கில் சி5 ஏறினால், டேட்டா ஏற்றாமல் மாற்றிக் கேளுங்கள்.

---

பெங்குவின்பித்தன்:

மூணாவது கேள்விக்கு: அண்ணா, லினக்ஸை எஸ்எஸ்டி-யிலேயே போடுங்க. ஹார்ட் டிஸ்க்கில் மின்ட் ஓடும், ஆனா ஃபயர்பாக்ஸ் திறக்க ஒரு டீ குடிச்சிட்டு வரலாம். சி-யிலிருந்து 60 ஜிபி (61,440 எம்பி) சுருக்குங்க, பைத்தான், எடிட்டர் எல்லாத்துக்கும் தாராளம். தனி ஸ்வாப் (ரேம் பத்தாதப்போ உதவுற இடம்) பார்ட்டிஷன் வேண்டாம், ஸ்வாப் ஃபைலை மின்ட்டே போட்டுக்கும். தனி ஹோம் (சொந்த ஃபைல் வைக்கிற) பார்ட்டிஷனும் வேண்டாம், 60-ஐ ரெண்டா வெட்டினா ரெண்டுமே பத்தாது.

தொடங்குறதுக்கு முன்னாடி மூணு காரியம் முடிங்க. விட்டா அப்புறம் தலைவலி.

முதல்ல, விண்டோஸ் 11-இல் டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி) ஆன்-ஆ இருக்கான்னு செட்டிங்ஸில் பாருங்க. ஆன் என்றால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைங்க. பூட் வரிசை மாறினதும் அது கேட்கும், அந்த நேரத்துல தேட முடியாது. சி-யைச் சுருக்குறதும் விண்டோஸ் உள்ளேயிருந்தே செய்யணும், லினக்ஸ் பக்கம் ஜிபார்ட்டட் என்கிற பார்ட்டிஷன் கருவி வைச்சு செய்யாதீங்க.

ரெண்டாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைங்க. கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், "சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ". அது ஆன்-இல் இருந்தா ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன்களைத் தன் கையிலேயே வைச்சிருக்கும். லினக்ஸ் போய்க் கேட்டா, படிக்க மட்டும் விடும், இல்லைன்னா மவுன்ட்டே ஆகாது (டிரைவே திறக்காது). "குடும்பம் டிரைவில் ஃபைல் சேவ் ஆகல" என்று மகள் கேட்டா பத்துக்கு ஒன்பது தடவை இதுதான்.

மூணாவது, மின்ட் போடும்போது புது ஹார்ட் டிஸ்க்கோட சாட்டா கேபிளையும் பழைய டிஸ்க்கோட கேபிளையும் கழட்டிடுங்க. எஸ்எஸ்டி மட்டும் இருக்கட்டும். தப்பான டிஸ்க்கை அழிக்க வழியே இருக்காது.

நிறுவும்போது "எரேஸ் டிஸ்க்" பக்கமே போகாதீங்க. "சம்திங் எல்ஸ்" எடுத்து, காலியா இருக்கிற 60 ஜிபியில் எக்ஸ்ட்4 (லினக்ஸோட ஃபைல் முறை), மவுன்ட் பாயின்ட் வெறும் ஸ்லாஷ் (அதான் லினக்ஸின் ரூட்). ஏற்கெனவே இருக்கிற இஎஃப்ஐ பார்ட்டிஷன் (விண்டோஸ் வழக்கமா 100 எம்பி வைச்சிருக்கும்) போதும், மின்ட் தன் பூட் ஃபைலை அதிலேயே ஓரமா வைச்சுக்கும். ஆனா அதுக்கு எதிரே ஃபார்மட் டிக் இருக்கவே கூடாது. இருந்தா விண்டோஸ் பூட் ஆகாது.

துளிர் சொன்ன 250 ஜிபி காலியிடத்துக்கு ஒரு உருப்படியான வேலை இருக்கு. மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்கிற கருவி ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தோட அப்போதைய நிலையின் நகல்) எடுக்கும். அது என்டிஎஃப்எஸ்-இல் எழுதாது, லினக்ஸ் பார்ட்டிஷன் கேட்கும். 60 ஜிபிக்குள்ளேயே விட்டா ஸ்னாப்ஷாட் சேரச் சேர ரூட் நிரம்பி, லாகின் திரையே சுத்திச் சுத்தி வரும். அந்தக் காலியிடத்தில் 100 ஜிபி எக்ஸ்ட்4 போட்டு டைம்ஷிஃப்ட்டை அங்கே அனுப்புங்க. எக்ஸ்ட்4 இயல்பா 5 சதவீதத்தை ரூட் பயனருக்கு (நிர்வாகிக்கு) ஒதுக்கி வைக்கும், வெறும் ஸ்னாப்ஷாட் பார்ட்டிஷனுக்கு அது தேவையில்லை, 1 சதவீதமாக் குறைச்சுக்கலாம்.

குடும்பம், ஊடகம் ரெண்டையும் லினக்ஸில் தானா மவுன்ட் பண்ண எஃப்எஸ்டேப்-இல் (மவுன்ட் பட்டியல் ஃபைல்) எழுதும்போது யூயூஐடி-யை (பார்ட்டிஷனோட தனி அடையாள எண்) வைச்சு எழுதுங்க, கூடவே "நோஃபெயில்" (டிரைவ் இல்லாட்டியும் பூட் ஆகட்டும்) சேருங்க. அது இல்லாம ஒரு நாள் கேபிள் தளர்ந்தா ஒன்றரை நிமிஷம் காத்திருந்துட்டு எமர்ஜென்சி மோடில் போய் உட்காரும்.

அப்புறம் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னாடி காட்டும். வைரஸ் இல்லை. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை யூடிசி-யில் (உலகப் பொது நேரம்) வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம்னு படிக்கும். லினக்ஸில் ஆர்டிசி-யை (அந்த மதர்போர்டு கடிகாரத்தை) உள்ளூர் நேரத்துக்கு மாத்துற ஒரு வரிக் கட்டளை இருக்கு (டைம்டேட்சிடிஎல்), ஒரு தடவை கொடுத்தா போதும்.

இன்னொன்று, தமிழ்ப் பாட்டுன்னு சொன்னீங்களே. பெயரெல்லாம் தமிழ்லயா? அப்போ பாட்டைக் குடும்பம் டிரைவில் என்டிஎஃப்எஸ்-லயே வைங்க. எக்ஸ்ட்4-இல் ஃபைல் பெயர் 255 *பைட்* வரைதான். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். "கொ" என்பது க-வும் ஒகரக் குறியும் சேர்ந்தது, அதுவே 6 பைட். ஆக மொத்தம் 85 குறியீடு, கண்ணுக்குத் தெரியுற எழுத்தா எண்ணினா அம்பதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. "படத்தின் பெயர் - பாட்டின் முதல் அடி - பாடகர்" என்று வைச்ச ஃபைலெல்லாம் காப்பி ஆகும்போது பெயர் நீளம்னு சொல்லி நிக்கும். என்டிஎஃப்எஸ் 255-ஐப் பைட்டா எண்ணாது, யூடிஎஃப்-16 அலகா எண்ணும், தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு ஒரு அலகு. அதனால அங்கே இந்தச் சிக்கல் மூணு மடங்கு தள்ளிப் போகுது.

---

மஞ்சப்பை:

எல்லோருக்கும் நன்றி. துளிர் சொன்னபடி குடும்பம் 850, ஊடகம் 2,626 என்று போட்டுவிட்டேன். முழு ஃபார்மட் இரண்டும் முடிந்தது. 05, சி5, சி6 மூன்றும் சுழியம். ஆனால் சி7 என்ற வரியில் 3 என்று இருக்கிறது. டிஸ்க்கைத் திருப்பித் தரலாமா?

இன்னொரு சிக்கல். சி-யில் 110 ஜிபி காலி. ஆனால் "ஷ்ரிங்க் வால்யூம்" கொடுத்தால் 11 ஜிபிக்கு மேல் சுருக்க விடமாட்டேன் என்கிறது.

பழைய டிஸ்க்கிலிருந்து எடுக்கும்போது வெறும் காப்பி பேஸ்ட் போதுமா? விண்டோஸின் பிக்சர்ஸ், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களைப் புது டிஸ்க்குக்கு மாற்றுவது எப்படி?

---

பழையஃபிளாப்பி:

சி7 என்பது தட்டில் உள்ள பழுது இல்லை சார். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில், கேபிள் வழியில் டேட்டா சிதைந்து மறுபடி அனுப்பப்பட்ட எண்ணிக்கை. பவரை அணைச்சு, சாட்டா கேபிளை ரெண்டு முனையிலும் பிடுங்கி மறுபடி அழுத்தி மாட்டுங்க. கிளிப் இல்லாத பழைய கேபிள் என்றால் மாற்றிடுங்க. அந்த 3 திரும்பச் சுழியம் ஆகாது, அது ஆயுள் கணக்கு. ஒரு 200 ஜிபி காப்பி ஆன பிறகு பாருங்க, 3-லேயே நின்றால் விஷயம் முடிஞ்சது. ஏறிக்கிட்டே போனால் வேறு சாட்டா போர்ட்டில் மாட்டிப் பாருங்க. திருப்பித் தர இது காரணம் ஆகாது.

சி சுருங்காததுக்குக் காரணம், நகர்த்த முடியாத ஃபைல் ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கு. காலியிடம் எவ்வளவு இருந்தாலும், சுருக்கும்போது அந்த ஃபைலைத் தாண்டி இந்தப் பக்கம் வராது. யார் அது என்று கண்டுபிடிக்கலாம்: ஈவென்ட் வியூவர், விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன், அதில் ஈவென்ட் எண் 259 தேடுங்க. கடைசியாகத் தடுத்த ஃபைலின் பெயரை அதுவே சொல்லும்.

பெரும்பாலும் மூணு பேர்தான். ஹைபர்னேஷன் ஃபைல் (கம்ப்யூட்டர் உறங்கும்போது ரேமில் உள்ளதை எழுதி வைக்கிறது): அட்மின் கட்டளைத் திரையில் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேட்டை ஆஃப் பண்ணுங்க, 16 ஜிபி ரேமுக்கு 6 ஜிபிக்கு மேல் பிடிச்சு வைச்சிருக்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் இதோடயே அணைஞ்சிடும், ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். பேஜ் ஃபைல் (ரேம் பத்தாதபோது விண்டோஸ் பயன்படுத்துவது): சிஸ்டம் ப்ராப்பர்டீஸ், அட்வான்ஸ்டு, விர்ச்சுவல் மெமரியில் தற்காலிகமாக "நோ பேஜிங் ஃபைல்". சிஸ்டம் ரெஸ்டோர்: புரொடெக்‌ஷனை அணைச்சு இருக்கிற ரெஸ்டோர் பாயின்ட்களை அழிங்க. ரீஸ்டார்ட் பண்ணிட்டு ஷ்ரிங்க் கொடுங்க. முடிந்ததும் பேஜ் ஃபைலையும் ரெஸ்டோரையும் மறக்காமல் திரும்பப் போடுங்க. பேஜ் ஃபைலை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிடலாமே என்று தோணும். வேண்டாம், எஸ்எஸ்டி-யிலேயே இருக்கட்டும், இல்லைன்னா மொத்த சிஸ்டமும் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு இறங்கிடும்.

60 கேட்டு 48 தான் வந்தாலும் அதோட விட்டுடுங்க. மின்ட்டுக்குப் போதும். மீதி 12-க்காக வேற கட்டண மென்பொருள் எல்லாம் இறக்கிப் போராட வேண்டியதில்லை.

---

துளிர்:

காப்பி பேஸ்ட் சின்ன ஃபோல்டருக்குச் சரி. 350 ஜிபிக்கு ரோபோகாப்பி பயன்படுத்துங்கள், விண்டோஸிலேயே இருக்கிறது. மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று: ஏதேனும் ஒரு ஃபைல் படிக்க முடியவில்லை என்றால், ரோபோகாப்பி இயல்பாகப் பத்து லட்சம் முறை முயலும், ஒவ்வொரு முறைக்கும் நடுவே 30 வினாடி காத்திருக்கும். பழைய டிஸ்க்கில் ஒரு செக்டர் கெட்டிருந்தால் அங்கேயே ஆயுள் முடிந்துவிடும். ஆகவே /ஆர்:1 /டபிள்யூ:1 இரண்டையும் கட்டாயம் கொடுங்கள். (எழுத்துகளை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.)

இரண்டு: மூலம் ஒரு டிரைவின் வேராக இருந்தால், உதாரணமாக மொத்த டி டிரைவையும் ஒரு ஃபோல்டருக்குள் எடுத்தால், போய்ச் சேரும் ஃபோல்டர் மறைந்த கோப்பு, சிஸ்டம் கோப்பு என்ற குறிகளோடு உருவாகும். காப்பி முடிந்தும் ஃபோல்டரைக் காணோம் என்று தோன்றும். ஃபோல்டர் அங்கேயேதான் இருக்கிறது, அட்ரிப் கட்டளையால் அந்த இரண்டு குறிகளையும் நீக்கினால் தெரியும். டி-யின் உள்ளிருக்கும் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மூன்று: "மிர்" சுவிட்ச் இப்போது வேண்டாம். அது இலக்கை மூலத்தின் அச்சாக மாற்றும், மூலத்தில் இல்லாததை இலக்கில் அழித்துவிடும். பிற்பாடு குடும்பத்திலிருந்து பழைய டிஸ்க்குக்கு வாராந்திர நகல் எடுக்க அது நல்ல கருவி. மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றி அடித்துவிட்டால், புதுப் போட்டோக்கள் அத்தனையும் போகும். அதனால் கையால் அடிக்காமல், சரிபார்த்த ஒரு பேட்ச் ஃபைலாக (கட்டளைகளைச் சேமித்த ஃபைல்) எழுதி வையுங்கள்.

பிக்சர்ஸ், டாக்குமென்ட்ஸ் மாற்ற: முதலில் குடும்பம் டிரைவில் "படங்கள்", "ஆவணங்கள்" என்று ஃபோல்டர் உருவாக்குங்கள். பிக்சர்ஸ் ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், லொகேஷன், மூவ், அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். ஃபோல்டர் உருவாக்காமல் டிரைவின் வேரையே காட்டினால், மொத்த டிரைவும் "பிக்சர்ஸ்" ஆகிவிடும், திரும்ப எடுப்பது பெரிய வேலை. ஒன்டிரைவ் அந்த ஃபோல்டர்களை பேக்கப் செய்துகொண்டிருந்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும். யூசர்ஸ் ஃபோல்டர் முழுவதையும் ரெஜிஸ்ட்ரி வழியாக நகர்த்தும் உத்தி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. விண்டோஸின் அடுத்த பெரிய அப்டேட் அதில் இடறும், செய்யாதீர்கள்.

பழைய டிஸ்க்கை உடனே அழிக்க வேண்டாம். புது டிஸ்க்குக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள், அதுவரை பழையது கழற்றி அலமாரியில் இருக்கட்டும். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் நாலு பார்ட்டிஷனையும் நீக்கி 931 ஜிபி ஒரே பார்ட்டிஷன். டிஸ்க்பார்ட் (விண்டோஸின் கட்டளைத் திரைக் கருவி) வழியாகச் செய்வதானால் "கிளீன்" (பார்ட்டிஷன்களை மொத்தமாக அழிக்கும் கட்டளை) கொடுக்கும் முன் "லிஸ்ட் டிஸ்க்" அடித்து அளவைப் பாருங்கள். உங்களிடம் 238, 931, 3,726 என்று மூன்றும் வேறு வேறு அளவு என்பதால் குழப்பம் வராது. டிஸ்க் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், கேபிள் மாற்றினால் எண்ணும் மாறும். கிளீன் "நிச்சயமா?" என்று கேட்காது.

அதை கேபினெட்டுக்குள் மாட்டாமல், 12 வோல்ட் அடாப்டரோடு வரும் 3.5 இஞ்ச் யூஎஸ்பி பெட்டியில் போட்டு, நகல் எடுக்கும் நேரம் மட்டும் செருகுங்கள். அந்தப் பெட்டியில் வைத்தே பார்ட்டிஷன் போடுங்கள், முன்பு சொன்ன செக்டர் குழப்பம் இங்கே தலைகீழாக வரும். உள்ளேயே மாட்டி வைத்தால் இடி மின்னலில் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போகும்போது இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகப் போகும். ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தாலும் அதே கதைதான்.

---

மஞ்சப்பை:

பேஜ் ஃபைலையும் ஹைபர்னேஷனையும் அணைத்ததும் 64 ஜிபி வரை சுருக்கலாம் என்று காட்டியது, 60 எடுத்துக்கொண்டேன். சாட்டா கேபிள் மாற்றிய பிறகு 350 ஜிபி காப்பி ஆகியும் சி7 அதே 3. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். பையன் கேம்களை ஊடகம் டிரைவில் போடுகிறான், தனிப் பார்ட்டிஷன் வேண்டுமா?

---

பெங்குவின்பித்தன்:

வேண்டாம் அண்ணா. ஊடகத்துக்குள்ளே ஒரு ஃபோல்டர் போதும். கேம் லாஞ்சருக்கு ஃபோல்டர்தான் தெரியணும், டிரைவ் எழுத்து இல்லை. ஆனா எஸ்எஸ்டி கட்டாயம்னு போட்டிருக்கிற புது கேம்கள் ஹார்ட் டிஸ்க்கில் திணறும், அதுக்குப் பார்ட்டிஷன் எப்படி வெட்டினாலும் மருந்து கிடையாது. சி-யில் இப்போ மிச்சம் இருக்கிற 50 ஜிபியில் அவன் கை வைக்காம மட்டும் பார்த்துக்கோங்க, விண்டோஸ் அப்டேட்டுக்கு அதில் குறைந்தது 25 ஜிபி காலியா இருக்கணும்.